ஓட்டம் இல்லாத காகிதம்

ஆனி பிறந்து பத்து நாள் ஆகிறது, மேல்காற்று வந்துவிட்டது. குற்றாலத்தில் சாரல் என்று ஊரே பேசும் இந்த நாட்களில் திருநெல்வேலிக்கு வந்து சேர்வது காற்று மட்டும்தான். மழையை மலை அந்தப் பக்கமே வாங்கிக்கொள்கிறது. காலை பத்து மணிக்கு மேல் சிந்துபூந்துறையில் எங்கள் மொட்டை மாடிக்குப் போனால் புடவைத் தலைப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டேதான் நிற்க வேண்டும். துவைத்துப் போட்ட துணி அரை மணி நேரத்தில் மொரமொரவென்று காய்ந்து கிடக்கும். எனக்கு இதுதான் வேலைக்காலம். ஐப்பசியில் ஒரு நாளைக்கு இரண்டு கூடு ஒட்டினால் பெரிது. இப்போது எட்டு ஒட்டுகிறேன்.

கூடு என்றால் விளக்குக்கூடு. வாங்குகிறவர்கள் லேம்ப் ஷேடு என்கிறார்கள். அம்மா முதல் நாளிலிருந்தே கூடு என்றுதான் சொன்னாள், எனக்கும் அதுவே வாயில் வருகிறது. வீட்டில் இருந்தபடியே கையால் செய்த காகிதத்தில் விளக்குக்கூடு செய்து விற்க ஆரம்பித்து இது ஏழாவது வருஷம். போன மாதம் பேட்டையிலிருந்து சித்தி மகள் வந்தாள். வேலையை விட்டு வீட்டில் இருக்கிறாள், சின்னப் பிள்ளை ஒன்று. "அக்கா, இதுக்கு முதல் எவ்வளவு போடணும்?" என்று கேட்டாள். நான் அவள் கையில் ஒரு பழைய நோட்டுத் தாளையும் என் காகிதத்தில் ஒரு துண்டையும் கொடுத்து இரண்டையும் கிழித்துப் பார்க்கச் சொன்னேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பா நாற்காலியில் இருந்து சிரித்தார்.

அப்பா பாளையங்கோட்டையில் முப்பத்திரண்டு வருஷம் பைண்டிங் கடை வைத்திருந்தவர். பள்ளிக்கூடமும் கல்லூரியும் நிறைந்த ஊர். நூலகப் புத்தகம், ரெக்கார்டு நோட்டு, வியாபாரிகளின் பேரேடு என்று வேலைக்குக் குறைவே இருந்ததில்லை. ஜூன் மாதம் வந்தால் எங்கள் வீடு முழுக்க மைதா பசை மணக்கும். பசையை இறக்கும்போது ஒரு சிட்டிகை மயில்துத்தம் போடுவார், பூச்சி அண்டாமல் இருக்க. எனக்கு எட்டு வயதில் அவர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் காகிதத்தின் ஓட்டம். மில்லில் இயந்திரம் ஓடுகிற திசையிலேயே நார்களும் பெரும்பாலும் படுத்துவிடும். அந்த ஓட்டத்தோடு கிழித்தால் தாள் நேராகக் கிழியும், குறுக்கே கிழித்தால் கோணல்மாணலாகப் போகும். ஓட்டத்தோடு மடித்தால் மடிப்பு கத்தி போல விழும், குறுக்கே மடித்தால் முதுகு வெடிக்கும். சந்தேகமாக இருந்தால் தாளின் மூலையை நாக்கில் தொட்டு ஈரப்படுத்திப் பார்ப்பார். அது எந்தப் பக்கம் சுருளுகிறதோ அதை வைத்துச் சொல்லிவிடுவார்.

2018-இல் நான் முதன்முதலாக வாங்கிய கைக்காகிதத்தை அவரிடம்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். நீளவாக்கில் கிழித்தார், அகலவாக்கில் கிழித்தார், மூலையை நனைத்துப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஏட்டி, இதுல ஓட்டமே இல்லையே" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு ஆச்சரியத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

காரணம் எளிது. கைக்காகிதம் செய்யும் இடத்தில், கூழ் கரைத்த தொட்டிக்குள் வலை அடித்த சட்டத்தை முக்கி, நாலு பக்கமும் அசைத்துத் தூக்குவார்கள். தண்ணீர் வடிந்ததும் வலையில் நார் எல்லாத் திசையிலும் பின்னிப் படிந்திருக்கும். அதைத் துணியில் கவிழ்த்து, அழுத்தி, காயப் போட்டால் தாள். எந்தப் பக்கம் மடித்தாலும் ஒரே மாதிரிதான் மடியும். நான் வாங்குவது பனியன் துணி வெட்டில் மிஞ்சும் பருத்திக் கழிவிலிருந்து செய்தது. பருத்தி என்பதால் நார் நீளம், மடித்த இடத்தில் அறாது. இன்னொன்றும் உண்டு. செய்தித்தாளை வெயிலில் வைத்தால் ஒரே வாரத்தில் பழுப்பேறுவது அதிலுள்ள மரச்சத்தால். பருத்தியில் அது கிடையாது, அதனால் வருஷக்கணக்கில் விளக்குக்குப் பக்கத்தில் இருந்தாலும் நிறம் அதிகம் மாறுவதில்லை. கைக்காகிதத்தை ஊர் ஊராகக் கொண்டுபோனவர்களில் காந்தியோடு உழைத்த ஜே.சி.குமரப்பா முக்கியமானவர். 1934-இல் அகில இந்திய கிராமத் தொழில் சங்கம் தொடங்கியபோது அதன் செயலாளர் அவர்தான். ஜெய்ப்பூர் அருகே சாங்கானேரில் உள்ள கைக்காகித நிறுவனத்துக்கு இன்று அவர் பெயரே இருக்கிறது. நம் தஞ்சாவூரில் பிறந்தவர் என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

வாழை நாரில் நானே காகிதம் செய்துவிட வேண்டும் என்று ஒரு வருஷம் ஆசைப்பட்டேன். சேரன்மகாதேவிப் பக்கம் தார் வெட்டியதும் மரத்தைச் சாய்த்து அப்படியே போட்டுவிடுகிறார்கள். பட்டையைக் கொண்டுவந்து, சலவைச் சோடா போட்டு அவித்து, அடித்து, பழைய சன்னல் வலையில் அள்ளினேன். தாள் வந்தது. விளக்கைப் போட்டால் உள்ளங்கை ரேகை மாதிரி நார் ஓடுவது அவ்வளவு அழகு. ஆனால் ஒரு நாள் முழுக்கப் பாடுபட்டால் ஐந்து தாள்தான். பிழைப்புக்கு ஆகாது. இப்போது பண்டிகைக்கு மட்டும் கொஞ்சம் செய்து, கூட்டின் விளிம்பில் பட்டையாக ஒட்டுகிறேன். பத்தமடையில் பாய் நெய்கிறவர்களிடம் கழித்த கோரை கிடைக்கும். இரண்டு மெல்லிய தாளுக்கு நடுவே அதைப் பரப்பி ஒட்டுகிற கூடு ஒன்று இருக்கிறது, நம் ஊர்க்காரர்கள் வெளியூரில் இருந்து அதைத்தான் கேட்டு வாங்குகிறார்கள்.

ஆரம்பத்தில் நான் செய்ததெல்லாம் பகலில் பார்க்க நன்றாக இருந்தது. சாயங்காலம் பல்பைப் போட்டால்தான் உண்மை தெரிந்தது. பசை தடவிய கை பட்ட இடமெல்லாம் கறையாகத் தெரியும். இரண்டு தாள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிய ஒட்டு இருட்டாக ஒரு கோடு போடும். தாளில் கூழ் திரண்ட இடம் மேகம் மாதிரி மிதக்கும். அதிலிருந்து எந்தத் தாள் வந்தாலும் ஐநூறு ரூபாய் நோட்டை வெளிச்சத்தில் பிடிப்பதுபோல் பல்புக்கு நேரே பிடித்துப் பார்த்த பிறகுதான் வெட்டுவேன். மேகம் இருக்கும் தாளைக் கழிக்க மாட்டேன், அதைக் கூட்டின் கீழ்ப்பக்கம் வருமாறு வைப்பேன். ஒட்டு எல்லாம் உள்மடிப்பின் பள்ளத்துக்குள் போய்விட வேண்டும். முடிந்த கூட்டை அன்றைக்கே இருட்டிய பிறகு ஏற்றிப் பார்க்காமல் பெட்டியில் வைப்பதில்லை.

பல்பைப் பற்றி நான் யாரிடமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். பழைய குண்டு பல்பு தின்கிற மின்சாரத்தில் பெரும்பங்கு சூடாகத்தான் போகிறது. காகிதத்துக்குள் அதை வைக்கவே கூடாது. ஏழு வாட்டுக்கு மேற்படாத எல்.இ.டி. மட்டும்தான், அதிலும் காகிதத்துக்கும் பல்புக்கும் நடுவே எந்தப் பக்கத்திலும் நாலு விரல் இடைவெளி. எல்.இ.டி.யும் அடிப்பக்கம் சுடும். அதனால் கூட்டின் மேலும் கீழும் திறப்பு இருக்க வேண்டும், மூடிவிட்டால் பல்பு சீக்கிரம் போய்விடும். கார்த்திகைக்கு உள்ளே அகல் வைக்கிற மாதிரி செய்து தாருங்கள் என்று ஒவ்வொரு வருஷமும் யாராவது கேட்பார்கள். எவ்வளவு பணம் தந்தாலும் செய்வதில்லை.

அப்புறம் வெளிச்சத்தின் நிறம். நம் வீடுகளில் டியூப் லைட்டின் வெள்ளைக்குப் பழகிவிட்டோம். மஞ்சள் பல்பு என்றால் வறுமை என்று நினைக்கிற பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 6500 கெல்வின் என்று அட்டையில் போட்டிருக்கிற வெள்ளை பல்பை என் கூட்டுக்குள் வைத்தால் பருத்திக் காகிதம் ஆஸ்பத்திரித் திரைச்சீலை மாதிரி வெளிறிப்போகும். 2700 கெல்வின் மஞ்சள் பல்பு வைத்தால் அதே தாள் நெல்லைக் காயப்போட்ட களம் மாதிரி ஆகிவிடும். மேல வீட்டு ஆச்சி முதலில் "இதென்ன மங்கலா எரியுது" என்றார். ஒரு வாரம் அவர் கட்டில் பக்கத்தில் சும்மா வைத்துவிட்டு வந்தேன். திருப்பி எடுக்கப் போனபோது தரமாட்டேன் என்றுவிட்டார்.

கைபட்டுக் கற்ற பாடங்கள் இரண்டு சொல்ல வேண்டும். வளையத்துக்கு முதலில் சாதாரண இரும்புக் கம்பி வாங்கினேன். முதல் மழைக்காலத்தில் துருப்பிடித்து, காகிதத்தில் காவிக் கறை இறங்கிவிட்டது. துத்தநாகம் பூசிய கம்பிக்கு மாறினேன். பட்டறையில் பற்றவைத்த இடத்தில் அந்தப் பூச்சு எரிந்துபோவதால் மறுபடி அங்கே மட்டும் துரு. இப்போது இணைப்பைத் தேய்த்துவிட்டு வெள்ளை பெயின்ட் இரண்டு கை அடிக்கிறேன். கறுப்பு அடித்தால் விளக்கு எரியும்போது கம்பி நிழலாக விழும். இரண்டாவது, மஞ்சள். மஞ்சள்தூளில் தோய்த்த தாள் அள்ளிக்கொண்டு போகிற நிறம், ஆனால் வெளிச்சம் பட்டால் நிற்காது. டவுனில் ஒரு கடையில் விற்றால் பணம் என்ற பேச்சில் இருபது மஞ்சள் கூடு வைத்தேன். கண்ணாடி அலமாரியில் வெயில் படும் இடத்தில் வைத்திருந்தார்கள். எட்டு மாதம் கழித்துப் பதினான்கு திரும்பி வந்தது, ஒரு பக்கம் மஞ்சள், மறுபக்கம் பழைய வேட்டி. சாயம் வேண்டும் என்றால் கடுக்காயும் துருத்தண்ணீரும் சேர்ந்து தருகிற சாம்பல் கறுப்பு நன்றாக நிற்கிறது. மஞ்சளை விட்டுவிட்டேன்.

மைதா பசையையும் மனமில்லாமல்தான் விட்டேன். இராமபாணப் பூச்சிக்கு மாவும் காகிதமும் விருந்து. துத்தம் போடலாம், ஆனால் அது விஷம், சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடுகளுக்குப் போகிற பொருளில் எனக்குச் சம்மதமில்லை. ஃபெவிகாலைத் தண்ணீரில் இளக்கிப் பூசுகிறேன். காய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது.

இந்தத் தொழிலில் என்னைக் காப்பாற்றியது அப்பாவின் மடிப்புதான். முதல் இரண்டு வருஷம் உருண்டைக் கூடுகள்தான் செய்தேன். சென்னையில் ஒருவருக்கு அனுப்பப் போனால் கூரியர்காரர் தராசில் வைக்காமல் டேப்பை எடுத்தார். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி ஐயாயிரத்தால் வகுத்தால் வருவதுதான் கிலோவாம். 32-க்கு 32-க்கு 30 என்று ஒரு பெட்டி, உள்ளே இருப்பது நானூறு கிராம். கணக்கு ஆறு கிலோவுக்கு மேல் வந்தது. கூட்டின் விலையை விடக் கூலி அதிகம். வீட்டுக்கு வந்து அழுகிற நிலையில் உட்கார்ந்திருந்தேன். அப்பா, "மடிச்சு அனுப்ப முடியாதா?" என்று கேட்டார். அவருக்கு வேறு எதுவும் தோன்றவில்லை, வாழ்நாள் முழுக்கக் காகிதத்தை மடித்தவர்.

ஜப்பானில் கிஃபு என்ற ஊரில் மூங்கில் வளையத்தின் மேல் காகிதம் ஒட்டிய விளக்குகள் தட்டையாக மடங்கும். இசாமு நொகுச்சி என்ற சிற்பி 1951-இல் அங்கே போய்ப் பார்த்துத்தான் தன்னுடைய 'அகாரி' விளக்குகளைத் தொடங்கினார். இதெல்லாம் நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. அப்பா அன்றைக்குச் செய்தது விசிறி மடிப்பு. 22-க்கு 30 அங்குலத் தாளை நீளவாக்கில் இரண்டாக வெட்டினால் பதினோரு அங்குல உயரத்தில் பட்டைகள் கிடைக்கும். மூன்று பட்டையை இணைத்து, ஒரு அங்குலத்துக்கு ஒரு மடிப்பாக மேலும் கீழும் மடித்தால், ஒட்டுக்குப் போனது போக நாற்பத்துநான்கு முகடுகள். மூங்கிலைச் சீவி வழவழப்பாகத் தேய்த்த தகட்டால் ஒவ்வொரு மடிப்பையும் அழுத்த வேண்டும். மேலும் கீழும் துளையிட்டு நூல் கோத்து, பன்னிரண்டு அங்குல வளையத்தில் கட்டினால் கூடு. நூலைத் தளர்த்தினால் விசிறி மாதிரி ஒடுங்கிவிடும். ஆறு சென்டிமீட்டர் உயரப் பெட்டி போதும், ஒன்றேகால் கிலோ கணக்கில் போய்விடுகிறது. கட்டுவது எப்படி என்று நாலு படம் வரைந்து உள்ளே வைக்கிறேன். ஓட்டம் இல்லாத, நார் நீண்ட பருத்திக் காகிதம் என்பதால் இத்தனை மடிப்பைத் தாங்குகிறது.

2023 டிசம்பரைப் பற்றி எழுதாமல் போக மனம் வரவில்லை. மார்கழி பிறப்பதற்கு முன்பே பாளையங்கோட்டையில் கிறிஸ்துமஸ் நட்சத்திரங்களுக்கு ஆர்டர் வந்துவிடும். அந்த வருஷம் நூற்றிருபது நட்சத்திரம், எழுபது கூடு. 1992 நவம்பர் வெள்ளத்தில் ஒரு வாடிக்கையாளரின் பேரேடுகளை இழந்தவர் அப்பா. "தரையில வைக்காத" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பரணில் இடம் இல்லை, மறுநாள் அனுப்பத்தானே போகிறோம் என்று அடுக்கிவிட்டேன். டிசம்பர் 17 பகலெல்லாம் மழை. 18 விடியும்போது தாமிரபரணி தெருவுக்குள் இருந்தது. அப்பாவைத் தூக்கி மாடியில் உட்காரவைத்துவிட்டுக் கீழே பார்த்தால், இடுப்பளவு தண்ணீரில் நட்சத்திரங்கள் மிதந்தன. காகிதம் தண்ணீரிலிருந்துதான் வந்தது, தண்ணீரில் ஊறினால் மறுபடி கூழாகத்தான் ஆகும். முன்பணம் கொடுத்தவர்களுக்குத் தொலைபேசியில் சொன்னபோது இரண்டு பேர் தவிர யாரும் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. "அடுத்த வருஷம் தாம்மா" என்றார்கள். அந்த நட்சத்திரங்களை அடுத்த வருஷம் ஒவ்வொன்றாகக் கொடுத்து முடித்தேன். இப்போது முற்றத்துச் சுவரில் கழுத்தளவு உயரத்தில் இரும்புத் தட்டு அடித்திருக்கிறோம்.

விலையைப் பற்றித்தான் சித்தி மகளிடம் அதிக நேரம் பேசினேன். ஒரு மடிப்புக் கூட்டுக்கு ஒன்றரைத் தாள் 68 ரூபாய், வளையம் இரண்டு 50, பசை, நூல் 12, ஹோல்டர், ஒயர், பிளக் 120, பெட்டி 35. மொத்தம் 285. முதல் வருஷம் இதை 350-க்கு விற்றேன், 65 ரூபாய் லாபம் என்று நோட்டில் எழுதினேன். ஒன்றை வெட்டி, மடித்து, ஒட்டி, கட்டி முடிக்க மொத்தம் மூன்றரை மணி நேரம். மணிக்குப் பத்தொன்பது ரூபாய்கூட வரவில்லை. என் நேரத்துக்கு ஒரு விலை உண்டு என்பதே எனக்குத் தோன்றவில்லை, வீட்டுவேலைக்கு யாரும் போட்டதில்லை என்பதால். இப்போது மணிக்கு 80 என்று என் கூலி 280-ஐ முதலில் எழுதுகிறேன். 565 ஆயிற்று. கழிவு, கரண்டு, வீணாகிற தாள் எல்லாம் சேர்த்து 750 சொல்கிறேன். "வீட்ல சும்மா இருக்கப்போ செய்யுறதுதானே, குறைச்சுக் குடுங்க" என்று கேட்பவர்கள் நிறைய. கோபப்படாமல், மூன்றரை மணி நேரம் ஆகும் என்று சொல்வேன். பலர் அதற்கு மேல் பேசுவதில்லை. சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவுக்கு அரசு எந்தக் கட்டணமும் வாங்குவதில்லை என்பதையும் அவளிடம் சொன்னேன். அதற்கு ஆயிரத்தைந்நூறு ரூபாயை ஒருவரிடம் கொடுத்தவள் நான்.

நேற்று அவள் முதல் கூட்டை முடித்தாள். ஏழு மணிக்கு முன்னறை விளக்கை அணைத்துவிட்டு அதை ஏற்றினோம். அவள் பிள்ளை தவழ்ந்துபோய் அதன் அடியில் உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தது. ஒட்டு எதுவும் வெளியே தெரியவில்லை. அப்பாவுக்குக் கண் இப்போது சரியாகத் தெரிவதில்லை, பக்கத்தில் கொண்டுவரச் சொல்லி, விளக்கை அணைத்துவிட்டு நகத்தால் முகடுகளைத் தடவிக்கொண்டே போனார். "நாப்பத்துமூணு இருக்கு தாயி. எங்கயோ ஒண்ணு முழுங்கிட்ட" என்றார். அவள் எண்ணிப் பார்த்தாள். நாற்பத்துமூன்றுதான். ஒரு இடத்தில் இரண்டு மடிப்பு ஒன்றாக ஒட்டிக்கொண்டிருந்தது.

இன்று காலை எட்டரைக்கெல்லாம் வந்துவிட்டாள். காற்று எழும்பினால் பட்டையை மாடியில் விரித்து வைக்க முடியாது, அதனால் வந்ததும் பசையைக் கரைத்துவிட்டோம்.